கோத்தகிரியின் கதை சொன்னவர்களுக்கு

கோத்தகிரி மக்களுக்கு அன்பும் வணக்கமும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் வேலையைப் போட்டுவிட்டு வந்து, இந்த ஊரில் நீங்கள் வாழ்ந்த கதையைச் சொன்னீர்கள். வீடு வீடாக வந்து நன்றி சொல்வதுதான் முறை. வந்தவர்கள் எல்லோருடைய வீடும் எனக்குத் தெரியாது, ஆகையால் இந்த மடல்.

முதல் நாள் இருபது நாற்காலி இரவல் வாங்கிப் போட்டோம். கூட்டம் படிக்கட்டு வரை நின்றது. இடம் கொடுத்த அண்ணன் வாடகைப் பேச்சையே எடுக்கவிடவில்லை. ஆறு வாரமும் தேநீர் போட்டுக் கொடுத்த அக்காவுக்கும், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்களைத் தன் ஜீப்பில் ஹட்டி (படகர் ஊர்) வரை கொண்டுபோய் விட்ட தம்பிக்கும் நன்றி. 2009 நவம்பர் மண்சரிவில் உறவுகளை இழந்தவர்கள், அதே மாதத்தில், கூரையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த இரவைச் சொன்னீர்கள். அதற்கு எவ்வளவு மனத்துணிவு வேண்டும் என்பதை நான் அறிவேன்.

நான் படித்த காலத்தில் எங்கள் ஊர்க்கதை 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்ததில்தான் தொடங்கும். கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களாவுக்கு என் மாணவர்களை அழைத்துப் போயிருக்கிறேன், இனியும் போவேன். ஆனால் ஊரின் பெயரிலேயே நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களின் கேரி, அதாவது கோத்தர்களின் தெரு, இருக்கிறது என்று கோத்தர் பெரியவர் ஒருவர் எழுந்து சொன்னார். தம் முன்னோர் கத்தியும் கோடரியும் அடித்ததை, பெண்கள் பானை வனைந்ததை, அதற்கு ஈடாகப் படகர் வீடுகளிலிருந்து தானியம் வந்ததை நிதானமாகச் சொன்னார். பின்வரிசையிலிருந்து படகர் தாத்தா ஒருவர், "உங்கள் ஆட்கள் அடித்த அரிவாள் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது" என்றார். அடுத்த வாரம் துணியில் சுற்றி எடுத்தும் வந்துவிட்டார். பிடியை மாற்றியிருந்தார்கள், இரும்பு பழையதுதான். அதைக் கையில் வாங்கிய பெரியவர், கட்டைவிரலால் அதன் முதுகைத் தடவியபடி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. உங்கள் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்தோம் என்பதற்காக மட்டுமே இந்த ஆறு வாரமும் தகும்.

என்றாலும், நான்காவது ஞாயிறு வந்த பாட்டிக்குத்தான் நான் மிகவும் கடன்பட்டிருக்கிறேன்.

1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில், இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். அந்தக் கணக்கில் பாட்டி இந்தப் பக்கம், அவருடைய தங்கை அந்தப் பக்கம். தகரப் பெட்டியிலிருந்து பாட்டி எடுத்த குடும்ப அட்டை, மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்னால் காலண்டர் தாள் ஒட்டியிருந்தது. படத்தில் அவர் மடியில் கைக்குழந்தை. முத்திரையின் பாதி குழந்தையின் தலைமேல் விழுந்திருக்கிறது.

மலையகத்தில் ரயிலைக் கோச்சி என்பார்கள். பிரிந்தவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் விழுந்தது. ஜன்னல் வழியாகத் தங்கை நீட்டிய பொட்டலத்தைப் பாட்டி வழியெல்லாம் பிரிக்கவில்லையாம். கப்பலில் குழந்தை பசித்து அழுதபோதுதான் பிரித்தாராம். தேங்காய் ரொட்டியும் சம்பலும். ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்க இந்த மலைக்கு வந்தார். "அங்கேயும் குளிர், இங்கேயும் குளிர். கூடைக் கயிறு அழுத்துகிற இடமும் அதேதான்" என்று சொல்லித் தலையைத் தொட்டுக் காட்டினார்.

என் அப்பாயியும் அதே வழியில் வந்தவர். கடைசி வரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. தேங்காய் ரொட்டி சுடும்போது முதல் ரொட்டியை எடுத்துத் தனியாக வைப்பார். யாருக்கு என்று கேட்டால் பதில் வராது. பாட்டி, உங்கள் கதையைக் கேட்ட அன்று இரவு அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் வெகுநேரம் கழித்து, "உன் அப்பாயிக்கு இலங்கையில், ஹட்டன் பக்கம் ஓர் அக்கா இருந்தார்" என்றார். இத்தனை வருடங்களில் அந்த அக்காவைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு வந்தது அன்றுதான்.

உங்கள் குடும்ப அட்டையைப் படமெடுத்துவிட்டோம். வரும் ஞாயிறு காலை நானே கொண்டுவந்து தருகிறேன். அப்பாவும் உடன் வருகிறார். ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக உங்கள் வாயால் சொல்லக் கேட்டால், பெரியம்மா இருந்த தோட்டம் நினைவுக்கு வந்துவிடும் என்கிறார்.

நன்றியுடன்,
உங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியை