நாகப்பட்டினத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை நானும் என் தோழியும் உங்கள் ஊருக்கு வந்திருந்தோம். சூடாமணி விகாரம் என்ற புத்த மடம் இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகலாம் என்று வெளிப்பாளையம் பக்கம் வெயிலில் நடந்தோம். சைக்கிளில் வந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் "என்ன தேடுறீங்கக்கா?" என்றாள். சொன்னோம். "அது யார் வீடு?" என்று கேட்டாள்.

அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் வயதில் எனக்கும் தெரியாது. ஆனால் அவளுக்கு என்ன சொல்லியிருக்கலாம் என்று பஸ்ஸில் ஊர் திரும்பும்வரை பேசிக்கொண்டே வந்தோம்.

கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா பக்கம்) அரசன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரில் எழுப்பியது அது. தஞ்சையில் பெரிய கோயில் எழும்பிக்கொண்டிருந்த அதே நாட்களில், 1006இல், ராஜராஜ சோழன் இந்தப் புத்த மடத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். அவன் வாயால் சொன்னதை மகன் ராஜேந்திரன் செப்பேட்டில் வெட்டுவித்தான். 21 ஏடுகள். பின்னாளில் நெதர்லாந்தின் லெய்டன் நகரத்துக்குப் போனதால் அவற்றுக்கு லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் வந்துவிட்டது.

அந்த ஏடுகளில் இந்த மடம் 'விஹாரத்துப் பள்ளி'. அப்போது பள்ளி என்றால் பௌத்த, சமணத் துறவிகள் தங்கிய இடம். அதே சொல்தான் இன்று உங்கள் வாசல் பலகையில் இருக்கிறது. இதைக் கேட்டால் பிள்ளைகளின் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் அந்த இடத்தில் ஒரு செங்கல் கோபுரம் நின்றது. புதுவெளிக் கோபுரம் என்பார்கள். கடலில் வருகிறவர்களுக்கு அதுதான் அடையாளம். விகாரத்தின் மிச்சமா, சீன வணிகர்களுக்காகக் கட்டியதா என்பதில் அறிஞர்களிடையே இரண்டு கருத்து உண்டு. 1846இல் வால்டர் எலியட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி பார்த்தபோது மூன்று நிலை இருந்தது. 1867இல் பிரிட்டிஷ் அரசின் அனுமதியோடு இடித்துவிட்டார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் மண்ணுக்குள் இருந்தது தப்பித்தது. 1856 முதல் 1934 வரை வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும் சுமார் 350 புத்த வெண்கலச் சிலைகள் கிடைத்தன. பல எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தலை உச்சியில் தீச்சுடர் எரியும் புத்தர்கள்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. ஒரு சனிக்கிழமை காலை பிள்ளைகளை இந்தத் தெருக்களில் நடத்திக் கூட்டிப்போய் இதைச் சொல்லுங்கள். முடிந்தால் கீழ்வேளூர் பக்கம் இருக்கும் ஆனைமங்கலத்துக்கும் போங்கள். தானம் கொடுத்த நிலத்துக்கு எல்லை குறிக்க அங்கே ஒரு பெண் யானையைச் சுற்றி நடக்கவிட்டு, அது போன வழியில் கல்லும் கள்ளியும் நட்டார்கள். பிள்ளைகளும் அந்த ஊரை ஒரு சுற்று நடந்து பார்க்கட்டும். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நாங்கள் இருவரும் வருகிறோம்.

அன்புடன்,
உங்கள் ஊருக்கு வந்துபோன ஒருத்தி