உங்கள் ரிப்போர்ட்டை யார் பார்க்கலாம் என்பதை நீங்களே முடிவு செய்ய

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வருகிற ஒன்றாம் தேதி முதல், நம் லேபில் எடுக்கும் ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளை, நீங்கள் கேட்டால், உங்கள் ஆபா கணக்கில் இணைத்துத் தருவோம். ஆபா என்பது 2021 செப்டம்பரில் நாடு முழுக்கத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில், உங்கள் மருத்துவ ஆவணங்களை இணைத்து வைக்கத் தரப்படும் 14 இலக்க எண். இது காப்பீட்டு அட்டை அல்ல. காட்டினால் பில் குறையாது. (கவுண்டரில் தினமும் கேட்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறோம்.)

"அப்போ எங்க ரிப்போர்ட்டெல்லாம் டெல்லிக்குப் போயிடுமா?" என்றும் கேட்கிறார்கள். போகாது. ரிப்போர்ட் எங்கள் கணினியில்தான் இருக்கும். நீங்கள் மதுரையிலோ வேலூரிலோ ஒரு டாக்டரைப் பார்க்கிறீர்கள், அவருக்கு அது வேண்டும் என்றால், அவருடைய கோரிக்கை உங்கள் போனில் இருக்கும் ஆபா செயலிக்கு வரும். நீங்கள் சம்மதித்த பிறகே இங்கிருந்து அது மறையாக்கம் செய்யப்பட்டு, அதாவது இடையில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டு, போகும்.

சம்மதம் கேட்டு வரும் அந்தத் திரையைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். கேட்பது யார், எதற்காக, எந்த வகை ஆவணம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை நாள் பார்க்கலாம் என்று எல்லாம் அதில் இருக்கும். அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, குறைக்கலாம். பல் பிடுங்கப் போகிறவரிடம் சர்க்கரை அளவு தெரிய வேண்டும் என்று டாக்டர் கேட்பது நியாயம். அதற்குக் கடைசி மூன்று மாத ரிப்போர்ட் போதுமே, ஐந்து வருடக் கட்டு எதற்கு? தேதியை மாற்றிவிட்டுச் சம்மதம் கொடுங்கள். பிடிக்காவிட்டால் பிறகு ரத்தும் செய்யலாம். ஆனால் அதற்குள் அவர் பார்த்ததையோ அச்செடுத்ததையோ திரும்ப வாங்க முடியாது. ஆகவே யோசனை முதலில் இருக்கட்டும்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று நினைக்கலாம். "அந்தப் பையனுக்குச் சுகர் இருக்கா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்று பெண் வீட்டார் எங்கள் கவுண்டரிலேயே விசாரித்ததுண்டு! சொல்ல மாட்டோம். இனி, பதிவு செய்த எண்ணைத் தவிர வேறு எந்த எண்ணுக்கும் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்புவதும் இல்லை, யார் கேட்டாலும்.

அதனால்தான் ஒரு வேண்டுகோள். வீட்டில் எல்லோருக்கும் மருமகன் போன் எண்ணையே கொடுத்து வைத்திருக்கிறீர்கள். சம்மதம் கேட்டு வரும் செய்தி அப்போது அவர் போனுக்குத்தான் போகும். அம்மாவுக்கென்று தனி போன் இருந்தால் அடுத்த முறை வரும்போது அந்த எண்ணைச் சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம்.

கணக்கை இணைக்கும்போது வரும் ஓடிபியை, நீங்கள் கவுண்டரில் நேரில் நிற்கும்போது மட்டுமே கேட்போம். வீட்டுக்கு போன் போட்டு எங்கள் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். செயலியின் பின் நம்பரை எப்போதுமே கேட்க மாட்டோம்.

ஆபா எண் கட்டாயமில்லை. வேண்டாம் என்பவர்களுக்குப் பரிசோதனையும் கட்டணமும் அதேதான். அச்சு ரிப்போர்ட்டை வழக்கம்போல மாலை ஆறு மணிக்கு மேல் ரசீதைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
லேப் நிர்வாகம்