காந்தக்காரனுக்கு ஒரு கடிதம்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள சுப்பு,

பதில் போடாததற்கு என்னைத் திட்டி முடித்திருப்பாய். சரி, மேலே படி. இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் கோவைக்கே வேலை மாற்றிக்கொண்டாள். தென்னையில் வெள்ளை ஈ போனபாடில்லை.

எழுத உட்கார்ந்தது ஒரு நட்சத்திரத்துக்காக. சிரிக்காதே. 2024 ஏப்ரல் 10இல் ஒரு சூப்பர்நோவா கண்ணில் பட்டதே, '2024ஜிஜிஐ' என்று பெயர் வைத்தார்களே, அதுதான். 2.2 கோடி ஒளியாண்டு தூரம். சூரியனைப்போல் 12 முதல் 15 மடங்கு நிறையுள்ள சிவப்பு சூப்பர் ராட்சச நட்சத்திரம் வெடித்தது. யி யாங் என்ற சீன ஆய்வாளர் அப்போதுதான் சான் பிரான்சிஸ்கோவில் விமானம் விட்டு இறங்கியிருக்கிறார். அடுத்த 12 மணி நேரத்தில் தொலைநோக்கி நேரம் கேட்டு விண்ணப்பம் போய்விட்டது. கண்டுபிடித்து 26 மணி நேரத்தில் சிலியில் உள்ள பெரிய தொலைநோக்கி அந்தப் பக்கம் திரும்பிவிட்டது! இங்கே நிலத்தைப் பெயர் மாற்றும் ஒரு போக்குவரவுக் காகிதத்துக்கு நான் நடக்கிற நடை உனக்குத் தெரியும்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. வெடிப்பு நட்சத்திரத்தின் மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு வருகிற கட்டம் அது, ஒரு நாள் தவறினால் போயிற்று. அப்போது அதன் உருவம் உருண்டை இல்லையடா. செக்போஸ்ட் பெட்டிக்கடையில் உப்பில் ஊறப்போட்டு விற்பார்களே காரக்கா, ஆலிவ் மாதிரிக் காய், அதேபோல நீண்டிருந்தது.

எந்தத் தொலைநோக்கியிலும் அது வெறும் புள்ளி. புள்ளிக்கு ஏது உருவம்? வாசு இருந்திருந்தால் மேசையைத் தட்டிக் கேட்டிருப்பான். விஷயம் ஒளி அதிர்கிற திசையில் இருக்கிறது. எலெக்ட்ரான்களில் பட்டுச் சிதறும் ஒளி ஒரு குறிப்பிட்ட திசையில் அதிரும். உருண்டையாக இருந்தால் எல்லாப் பக்கத்து அதிர்வும் ஒன்றையொன்று அடித்துவிட்டு மிச்சம் ஒன்றும் நிற்காது. நீண்டிருந்தால் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சத்தை அளந்தே உருவத்தையும் அது சாய்ந்திருக்கும் திசையையும் சொல்லிவிடுகிறார்கள். படித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை.

இரும்புக் கரு ஒரு நொடிக்குள் இடிந்து விழுகிறது, எகிறிய அதிர்வலை நடுவழியில் நின்றுபோகிறது, நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் சூடேற்றி மறுபடி தள்ளுகின்றன. இதுதான் பலரும் ஏற்கிற கணக்கு. ஆனால் உள்ளே கண்டபடி கொப்பளித்து வெடித்தால் ஒழுங்கான அச்சு எப்படி வரும்? இதிலோ, சுற்றியிருந்த வாயுவில் மோதி வடிவம் தட்டையான பிறகும் அச்சு மாறவில்லை. 1987இல் ஒரு சூப்பர்நோவாவைப் பற்றி நாம் ரேடியோவில் கேட்டுத் துள்ளினோமே, அதன் சிதறலும் நீளவாக்கில்தான் கிடக்கிறது. ஆக, திசையை முதலிலேயே ஏதோ ஒன்று முடிவு செய்துவிடுகிறது. என் ஓட்டு நட்சத்திரத்தின் சுழற்சிக்கு. நீ காந்தப்புலம் என்பாய்; பம்புசெட் ஓடாததற்கும் காந்தம் என்றவன்தானே.

அப்புறம், கண் ஆபரேஷனை இன்னும் தள்ளிப்போடுகிறாய் என்று உன் தங்கை சொன்னாள். இதில் விளையாட்டு வேண்டாம் சுப்பு. சர்க்கரையை வைத்துக்கொண்டு நாள் கடத்தாதே. வாசுவும் இப்படித்தான் 'அடுத்த மாதம், அடுத்த மாதம்' என்று சொல்லிக்கொண்டிருந்தான். தேதி வாங்கிவிட்டு எழுது, வாளையாறு தாண்டி நான் வந்து கூட இருக்கிறேன். கட்டு அவிழ்க்கிறவரை சுழற்சிக் கட்சியின் வாதத்தை நீ வாய் திறக்காமல் கேட்க வேண்டும்.

உன்
ராமநாதன்