பூசைக்கு முன்பே மெழுகு பூசலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுக் கார் எடுத்தவருக்கு எங்கள் ஊரில் முதலில் கிடைக்கும் புத்திமதி, "ஆறு மாசத்துக்கு வேக்ஸ் (மெழுகு) போட்றாதீங்க, சாயம் மூச்சு விடணும்" என்பதுதான். கார் கழுவும் இடத்திலும் இதே பேச்சு, கோப்பிக் கடையிலும் இதே பேச்சு. பட்டறையில் மறுசாயம் அடித்த காரென்றால் கொஞ்ச நாள் பொறுப்பது சரி. தொழிற்சாலையிலிருந்து நேராக வந்த காருக்கு இது பொருந்தாது.

தஞ்சோங் மாலிம், ரவாங் தொழிற்சாலைகளில் உருவாகும் கார்களில், டயர், வயர், இருக்கை எதுவும் மாட்டுவதற்கு முன்பே உடல் தகடு சூளைக்குள் போய்விடுகிறது. மேல்பூச்சான கிளியர் கோட் ஏறக்குறைய 140 பாகை செல்சியஸில் 20, 30 நிமிடம் வேகிறது. வெளியே வரும்போதே அது இறுகிவிட்டது. அதற்கு மேல் மூச்சு விட ஒன்றுமில்லை. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் தனியாக, குறைந்த சூட்டில் காய வைக்கிறார்கள். சில வண்ணங்களில் பம்பர் மட்டும் ஒரு சாயல் மாறித் தெரிவது அதனாலும்தான். அதுவும் உங்கள் கைக்கு வருமுன் காய்ந்ததே. காற்றிலேயே காய்ந்த பழைய எனாமல், லேக்கர் காலத்துக் கணக்குதான் அந்த ஆறு மாதம்.

பட்டறைக் கதை வேறு. முழுக் காரையும் 140 பாகையில் வைத்தால் டேஷ்போர்டு என்னாவது? ஆகவே சாயத்தை இறுகச் செய்யும் ஹார்டனர் கலந்து அடித்து, சூடேற்றும் அறை இருந்தால் 60 பாகையில் காய வைப்பார்கள். இல்லாவிட்டால் வெறும் காற்றுதான். தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே தின்னர் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மெழுகால் மூடினால் பளபளப்பு மங்கும், சாயமும் நெடுநாள் இளசாகவே நிற்கும். சூடேற்றிக் காய வைத்ததற்கு 30 நாள், காற்றில் காய்ந்ததற்கு 60 முதல் 90 நாள் பொறுங்கள். வெயிலில் நின்ற கதவருகே மூக்கை வைத்துப் பாருங்கள். தின்னர் வாடை அடித்தால் இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை தண்ணீரும் கொஞ்சம் கார் ஷாம்புவும் போதும். ஒரு கதவு மட்டும் மறுசாயம் என்றால் அந்தக் கதவை விட்டுவிட்டு மற்ற இடங்களுக்கு மெழுகு போடலாம்.

கார் கைக்கு வருமுன் வழியில் கீறல் பட்டு, ஒட்டுச்சாயம் அடித்திருக்கவும் கூடும். சந்தேகம் இருந்தால் பட்டறையில் சாயத் தடிமன் அளக்கும் கருவியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தொழிற்சாலைச் சாயம் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். ஓரிடம் மட்டும் 200-ஐத் தாண்டினால் விற்றவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

இனி பூசை. கார் வந்த மறுநாளே கோயில் வாசலில் நிற்கும். போனட்டில் மூன்று விரல் திருநீறு, நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். வீட்டுக்கு வந்ததும் காய்ந்த சந்தனத்தை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்கிறோம். சந்தனத் துகளும் திருநீறும் உப்புத்தாள் வேலை பார்க்கின்றன. கறுப்புக் காராக இருந்தால் வட்ட வட்டமாகக் கீறல் அன்றைக்கே தெரியும். குங்குமச் சாயம் வெள்ளைக் காரில் இளஞ்சிவப்பாக ஊறி நிற்பதும் உண்டு. அதனால்தான் பூசைக்கு முன்பே ஒரு பூச்சு மெழுகு என்கிறோம். பொட்டை முன்கண்ணாடியில் வைக்கச் சொன்னால் ஐயர் மறுக்கமாட்டார். எடுக்கும்போது நனைத்த துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு, ஊறிய பின் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

மெழுகு போடும் முறை: நிழலில் நிறுத்துங்கள். போனட்டில் உள்ளங்கையை வைத்து நிதானமாக எடுக்க முடிய வேண்டும். சூடாக இருந்தால் மெழுகு உடனே காய்ந்து திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். கழுவி உலர்த்திய பின் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். மணல் போல் நெருடினால் மட்டும், கார் சாயத்துக்கென்றே விற்கும் களிமண் கட்டியை (கிளே பார்) ஷாம்பு தண்ணீரில் வழுக்கவிட்டுத் தேய்க்க வேண்டும். கட்டி தரையில் விழுந்தால் எறிந்துவிடுங்கள், ஆசைப்பட வேண்டாம். பாதி போனட்டுக்கு 10 சென் காசளவு மெழுகு போதும். கூடப் போட்டால் கூட மின்னாது, துடைக்கும் வேலைதான் கூடும். விரலால் இழுத்தால் கோடு தெளிவாக விழும்போது, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் எடுங்கள். கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளையாகத் தங்கிவிடும், முன்னரே டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். டப்பாவில் கிளீனர் வேக்ஸ் என்றிருந்தால் புதுக் காருக்கு வேண்டாம். சாயத்தை அராவும் தூள் அதில் பெரும்பாலும் இருக்கும்.

தோட்டப்புறத்தில் வெளியே நிற்கும் காரில் கார்னோபா என்ற பனை மெழுகு ஒன்றரை மாதம் தாங்கினால் அதிகம். மெழுகுக்குப் பதிலாகப் பூசும் செயற்கை சீலண்ட் நான்கைந்து மாதம் நிற்கும். மழைத்துளி சேம்பிலையில் உருள்வது போல் உருளாமல் தகடாகப் படர்ந்தால் அடுத்த பூச்சுக்கு நேரம் வந்துவிட்டது. மெழுகு இருக்கிறதே என்று மைனா எச்சத்தை வெயிலில் காயவிடாதீர்கள்; மெழுகு சில மணி நேரம் தவணை வாங்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். பால் லோரியிலிருந்து தெறித்த ரப்பர் பாலை ஈரம் காயுமுன் தண்ணீரால் அலசுங்கள். காய்ந்துவிட்டால் நகத்தால் சுரண்டாமல், விரல் நுனியால் உருட்டி உருட்டி எடுங்கள். செம்மண் தூசியை இறகு விளக்குமாற்றால் தட்டவே தட்டாதீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கோடு மெழுகையும் கழற்றிவிடும்.

இப்படிக்கு,
கார் சாயப் பட்டறைத் தொழிலாளர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.