சாந்திக்கு, கென்டக்கியிலிருந்து

ஃபிளாரன்ஸ், கென்டக்கி
15.11.2025

அன்புள்ள சாந்தி,

தீபாவளிக்கு நீ போட்ட குரல் செய்திக்கு இத்தனை நாள் பதில் இல்லை என்று கோபமாக இருப்பாய். கடையில் வேலை சரியாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். வசந்தா அக்காவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாமே? ஆஸ்பத்திரியிலும் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்திருப்பாள்.

"உன் ரிபப்ளிகன் கட்சிதானே ஆட்சியில் இருக்கிறது, இன்னும் என்னடி புலம்பல்?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் நடுவில் சண்டைக்கு வருவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் டெமாக்ரட் பக்கம் வந்துவிட்டேன் என்று மட்டும் குதிக்காதே. 43 நாள் அரசாங்கம் முடங்கிக் கிடந்ததே, மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டித்தால்தான் ஓட்டு என்று அதில் உங்கள் ஆட்கள் பிடித்த பிடிவாதம் தவறு என்றுதான் இன்றும் சொல்வேன். அந்த மானியத்தைக் கோவிட் சமயத்தில், 2021-இல் கூட்டினார்கள். தற்காலிகம் என்று சொல்லித்தான் கூட்டினார்கள். இப்போது அதை நிறுத்தவே கூடாது என்றால் அப்புறம் எதைத்தான் நிறுத்துவது? நாட்டின் கடன் அக்டோபரில் 38 டிரில்லியன் டாலரைத் தாண்டிவிட்டது. இதை நம் பிள்ளைகள் தலையில்தான் கட்டப்போகிறோம்.

ஆனால் என் கட்சி என்ன செய்தது? பைடன் காலம் முழுக்கச் செலவு செலவு என்று கத்தியவர்கள், ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தில், அரசு வாங்கக்கூடிய கடனின் உச்சவரம்பை 5 டிரில்லியன் உயர்த்தினார்கள். மேலவையான செனட்டில் 50-க்கு 50 வந்து, துணை அதிபர் வான்ஸின் ஓட்டில் நிறைவேறியது. கீழவையில் எங்கள் தொகுதிக்காரர் தாமஸ் மாஸி எதிர்த்து ஓட்டுப் போட்டார். கோட்டில் ஒரு சின்னக் கருவியைக் குத்திக்கொண்டு திரிவாரே, அவர்தான். கடன் ஏற ஏற அதில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த ஊருக்கு வந்ததில் எனக்குப் பெருமையாக இருக்கும் விஷயங்களில் அவரும் ஒன்று.

கடனைக்கூட விடு. எனக்குத் தூக்கம் போனது சுங்கவரி விஷயத்தில்.

சென்னிமலைப் பெட்ஷீட் லோடு ஒன்று செப்டம்பரில் வந்தது. பில்லில் சரக்கு மதிப்பு, வழக்கமான தீர்வை, அதற்குக் கீழே புதிதாக இரண்டு கட்டங்கள்: 25 சதவீதம், மறுபடியும் 25 சதவீதம். இந்தியா கட்டுகிறது என்று டிவியில் சொல்கிறார்கள். என் கணக்கிலிருந்துதான் போனது. நஷ்டத்தைச் சமாளித்துக்கொள்வேன், அதுவல்ல பிரச்சினை. வரி போடும் அதிகாரம் காங்கிரஸுடையது, அதாவது இந்த நாட்டு நாடாளுமன்றத்துடையது என்று அரசியல் சட்டத்தின் முதல் பிரிவே சொல்கிறது. குடியுரிமைத் தேர்வுக்கு ராத்திரியெல்லாம் அதைத்தானே இரண்டு பேரும் உட்கார்ந்து படித்தோம்? 1977-இல் வந்த அவசரநிலைச் சட்டம் ஒன்றைக் காட்டி, அதிபர் தனியாளாக உலகம் முழுவதற்கும் வரி போடுகிறார். அந்தச் சட்டத்தில் வரி பற்றிப் பேச்சே கிடையாது.

இதைவிட என்னை உறுத்துவது, காங்கிரஸ் தானே கையைக் கட்டிக்கொண்டதுதான். அதிபர் அறிவித்த அவசரநிலையை ரத்து செய்யத் தீர்மானம் வந்தால், 15 நாளுக்குள் குழு அதை எடுத்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மார்ச் மாதம் கீழவையில் எங்கள் கட்சிக்காரர்கள் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: கனடா, மெக்சிகோ, சீனா மீது வரி போடக் காட்டிய அவசரநிலைகளைப் பொறுத்தவரை, கூட்டத்தொடரில் மீதியுள்ள நாட்கள் எதுவும் நாட்களாகக் கணக்கில் வராது! ஓட்டுக்கே விடாமல் இருக்க நாட்காட்டியையே நிறுத்திவிட்டார்கள், சாந்தி. உங்கள் கட்சியின் பெலோசி சபாநாயகராக இருந்தபோது இதைச் செய்திருந்தால் நான் எப்படிக் கத்தியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். செனட் கொஞ்சம் மானத்தைக் காப்பாற்றியது. அக்டோபர் கடைசியில் உலகளாவிய வரிகளை எதிர்த்து 51-க்கு 47. எங்கள் கென்டக்கி செனட்டர்கள் ராண்ட் பால், மெக்கானல் இரண்டு பேரும் அதில் சேர்ந்தார்கள். கீழவையில் அது அப்படியே கிடக்கிறது.

5-ஆம் தேதி இந்த வரிகளைப் பற்றிய உச்ச நீதிமன்ற விசாரணையைக் கடையில் சரக்கு அடுக்கிக்கொண்டே முழுதாகக் கேட்டேன். வழக்குப் போட்டவர்களில் நியூயார்க்கின் சின்ன ஒயின் இறக்குமதிக் கம்பெனி ஒன்றும் இருக்கிறது. அவர்களுக்காக வழக்கை எடுத்தது எங்கள் பக்கத்து ஆட்கள், சுதந்திரச் சந்தையை நம்புகிறவர்கள். ட்ரம்ப் நியமித்த நீதிபதி கோர்சச் கேட்டார்: பருவநிலை மாற்றம் அவசரநிலை என்று சொல்லி, பெட்ரோல் கார்களுக்கு ஓர் அதிபர் 50 சதவீத வரி போட முடியுமா? பெரும்பாலும் முடியும் என்றார் அரசு வழக்கறிஞர். கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். நாளைக்கு உங்கள் கட்சி அதிபர் வந்து அதைச் செய்தால், என் கட்சிக்காரர்கள் எந்த வாயால் எதிர்ப்பார்கள்? கொடுத்த அதிகாரத்தைத் திரும்ப வாங்கவும் வழியில்லை. காங்கிரஸ் ரத்து செய்தால் அதிபர் வீட்டோ போட்டுத் தடுப்பார். அதை முறியடிக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

தீர்ப்பு எப்படி வந்தாலும், இதைச் சபையில் எழுந்து சொல்ல எங்கள் கட்சியில் ஒரு கை விரல் அளவுக்குத்தான் ஆள் இருக்கிறார்கள். அதில் மாஸியையும் வெளியே அனுப்பப் பார்க்கிறார்கள். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மே மாத உள்கட்சித் தேர்தலில் அவரை எதிர்ப்பவருக்கு ட்ரம்ப் ஆதரவு அறிவித்திருக்கிறார். பணம் கொட்டுகிறது.

அதனால் உன்னிடம் ஓர் உதவி. உன் பிள்ளை கார்த்தி கோவிங்டனில்தானே இருக்கிறான்? அதுவும் இதே தொகுதிதான். எந்தக் கட்சியிலும் இல்லை என்று பதிந்திருப்பதாகப் போன தடவை சொன்னான். இங்கே உள்கட்சித் தேர்தலில் ஓட்டுப் போட வேண்டுமானால், டிசம்பர் 31-க்குள் ரிபப்ளிகன் என்று மாற்றிப் பதிய வேண்டும். ஆன்லைனிலேயே செய்யலாம். உனக்குக் கசக்கும், தெரியும். ஆனாலும் சொல்லு. நான் சொன்னால் அத்தை பிரசங்கம் ஆரம்பித்துவிட்டாள் என்று போனை வைத்துவிடுவான்.

தாங்க்ஸ்கிவிங்குக்கு வருகிறீர்களா இல்லையா என்று இந்த வாரமே சொல்.

அன்புடன்,
கஸ்தூரி