பட்டியல் வந்துவிட்டது, ஆர்டர் எப்போது வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராணுவத் தளவாடங்களை உள்நாட்டிலேயே தயாரிப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2013-14இல் 686 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி 2024-25இல் 23,622 கோடிக்கு வந்திருப்பதும், மொத்த உற்பத்தி ஒன்றரை லட்சம் கோடியைத் தொட்டிருப்பதும் பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் உதிரிபாகம் கடைந்து கொடுக்கிற எங்களைப் போன்ற பட்டறைக்காரர்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2020 ஆகஸ்டில் 101 ராணுவப் பொருட்களின் பட்டியலை வெளியிட்டு, அவற்றின் இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அமைச்சர் ராஜ்நாத் சிங் அறிவித்தார். அப்புறம் இன்னும் நாலு பட்டியல் வந்து, இப்போது எண்ணிக்கை ஐநூறைத் தாண்டிவிட்டது. நல்ல முடிவு. ஆனால் வெளிநாட்டில் வாங்க மாட்டோம் என்று சொல்வது வேறு, உங்களிடம் வருஷத்துக்கு இத்தனை வாங்குவோம் என்று சொல்வது வேறு. முதல் வாக்குறுதி கிடைத்துவிட்டது, இரண்டாவதற்குத்தான் நாங்கள் காத்திருக்கிறோம்.

எங்களுக்கு வந்த ஒரு வேலையைச் சொல்கிறேன். கவச வாகனம் ஒன்றுக்கான புஷ், அதாவது தண்டைத் தாங்கும் உருளை வளையம், பார்க்கச் சின்னது, சில டஜன் பீஸ்தான். டிராயிங்கில் கேட்டிருந்த அலாய் ஸ்டீல் கடையில் அடிக்கணக்கில் கிடைக்காது, டெஸ்ட் சர்டிஃபிகேட்டோடு ஸ்டீல் மில்லிலிருந்துதான் எடுக்க வேண்டும், அவர்களோ டன் கணக்கில் எடுத்தால்தான் பேசவே வருவார்கள். எடுத்தோம். அந்த ஒரு அளவுக்கென்றே தனியாக அளவு சரிபார்க்கும் கேஜ் செய்தோம். சாம்பிள் பாஸாகி வரவே மாதக்கணக்கில் ஆனது, சப்ளை கொடுத்த பிறகு பில் பணம் அதைவிட இழுத்தது, சிறுதொழில்களுக்கு 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே இருந்தும். அடுத்த டெண்டரில் கொஞ்சம் குறைத்துப் போட்டவர் எல்1, அதாவது ஆகக் குறைந்த விலைக்காரர் ஆகி ஆர்டரை எடுத்துவிட்டார், சரி, அது விதிப்படிதான். ஆனால் அவரும் மில், கேஜ், சாம்பிள் என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், எங்களிடம் மிஞ்சிய ராடு ரேக்கில் கிடக்கிறது, அந்த விலைக்கு அதை பம்ப் வேலைக்கும் போட முடியாது. இப்படி ஒரு முறை பட்டவன் ராணுவ வேலைக்கென்று புது மெஷின் போடுவானா? போட நினைத்தாலும் கடன் கேட்டுப் போனால் பேங்க் மேனேஜர் முதலில் கேட்பதே அடுத்த வருஷ ஆர்டரைத்தான்.

இது சின்னப் பட்டறைகளின் பிரச்சினை மட்டுமல்ல. ஆவடியில் தயாராகும் அர்ஜுன் டாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள், 124 டாங்கிகள் ராணுவத்துக்குப் போய்ச் சேர்ந்து பல வருஷம் கழித்து, 2021 செப்டம்பரில்தான் மேம்படுத்திய வகையில் 118க்கு ஆர்டர் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த வேலைக்கென்று பழகிய ஆட்களை ஒரு சப்ளையர் எப்படி வைத்துக் காப்பாற்றுவார்? மறுபக்கம் விக்ராந்த் போர்க்கப்பலைப் பாருங்கள். வெளியிலிருந்து கிடைக்காத எஃகை ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஆய்வகமும் அரசு எஃகு நிறுவனமான செயிலும் சேர்ந்து இங்கேயே உருவாக்கின, அந்த ஒரு கப்பலுக்கே சுமார் 30,000 டன் போயிருக்கிறது. அவ்வளவு தேவை கண்ணெதிரே இருந்தது என்பது அந்த வெற்றிக்குப் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

தேஜஸ் போர் விமான விஷயத்தில் அரசு சரியாகவே செய்திருக்கிறது, 2021இல் 83, 2025இல் இன்னும் 97 விமானம் என்று ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவு செய்தும் எஞ்சின் அமெரிக்காவிலிருந்து தாமதமாக வந்ததால் விமானம் கைக்கு வருவது தள்ளிப்போனது. அதற்காக இங்கேயே உருவாக்க 1989இல் தொடங்கிய காவேரி எஞ்சின் இன்னும் தேஜஸில் ஏறவில்லை. அதற்காக அதைக் கைவிடக் கூடாது, அந்த மாதிரி வேலைக்கு இன்னும் நீண்ட காலப் பணமும் பொறுமையும் வேண்டும்.

எங்களுக்கு மானியம்கூட வேண்டாம். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் அடுத்த ஐந்து வருஷத்தில் குறைந்தபட்சம் எவ்வளவு வாங்குவார்கள் என்று எழுத்தில் கொடுக்கட்டும். சாம்பிள் பாஸான பட்டறைக்கு, விலையில் சின்ன வித்தியாசம் இருந்தாலும், அந்த ஐந்து வருஷமும் ஒரு பங்கு ஆர்டராவது வரட்டும். அப்புறம் அபூர்வமான மெட்டீரியலை அரசு நிறுவனங்களே மொத்தமாக வாங்கி எங்களுக்கு வெட்டிக் கொடுக்கலாம், ஆளாளுக்கு டன் கணக்கில் எடுத்து முடக்குவதைவிட அவர்களுக்கும் அதுதான் மலிவு.

தமிழ்நாட்டு ராணுவத் தொழில் வழித்தடம் என்று சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஐந்து ஊரையும் சேர்த்து 2019இல் தொடங்கினார்கள். உங்கள் நிருபர்கள் இந்த ஊர்ப் பட்டறைகளுக்கு நேரில் போய், எத்தனை பேருக்கு இரண்டாவது ஆர்டர் வந்தது என்று விசாரித்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பட்டறை நடத்தும் வாசகர்,
ஆவாரம்பாளையம், கோவை