வயசானவங்க மனநலத்துக்கு பாடம் போடறவங்களுக்கு, பெங்களூர்ல இருந்து ஒரு மடல்

வணக்கம்ங்க. கோர்ஸ் போடறவங்க, கையேடு எழுதறவங்க, ட்ரெய்னிங் நடத்தற டாக்டருங்க, அமைப்புங்க எல்லாருக்கும் சேத்துதான் இத எழுதறேன். நான் அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராம்புரம் பக்கம் வயசானவங்க இருக்கற வீடுகளுக்கு போயிட்டு வர சோஷியல் வொர்க்கர். அந்த வீடுகள்ல டியூட்டி பாக்கற அட்டெண்டருங்களுக்கும் ஆயாம்மாக்களுக்கும் சொல்லிக்குடுக்கற பொறுப்பும் என்னோடதுதான். ஆனா சொல்லிக்குடுக்கறதுக்கு கையில சரியான பாடம் இல்லைங்க, அதான் இந்த மடல்.

பாடமே இல்லைன்னு சொல்ல வரல. உலக சுகாதார நிறுவனத்தோட எம்ஹெச்கேப் கையேடு இருக்கு, 2016ல வந்த ரெண்டாவது பதிப்புல மனச்சோர்வு, டிமென்ஷியா (மறதி நோய்), தற்கொலை எண்ணம் எல்லாத்துக்கும் தனித்தனி பகுதி, மனநல டாக்டர் இல்லாத எடத்துல சாதாரண டாக்டரும் நர்ஸும் பாத்து நடந்துக்கற மாதிரி எழுதினது, நல்ல கையேடு, நானே அடிக்கடி புரட்டறேன். டிமென்ஷியா வந்தவங்கள வீட்ல பாத்துக்கற குடும்பத்துக்குன்னு ஐசப்போர்ட்னு ஒரு பாடமும் அவங்களே போட்டிருக்காங்க. நம்ம ஊர்லயே நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி இருக்கு, 2022 அக்டோபர் 10லருந்து மனநலத்துக்கு போன்ல உதவி கேக்க அரசாங்கத்தோட டெலி மானஸ் 14416 நம்பர் இருக்கு. எல்லாம் சரி. ஆனா ஒரு டாக்டர் ஒரு பெரியவர பாக்கறது பத்து நிமிஷம், அட்டெண்டர் பன்னெண்டு மணி நேரம் கூடவே இருக்காங்க, குளிப்பாட்டறாங்க, ஊட்டிவிடறாங்க, ராத்திரி பாத்ரூம் கூட்டிட்டு போறாங்க, ஏதாவது மாத்தம்னா முதல்ல கண்ணுல படறது அவங்களுக்குத்தான். அவங்களுக்குன்னு எழுதின பாடம் எங்கங்க? படுக்கைப் புண் வராம திருப்பிப் போடறது, ட்யூப்ல கஞ்சி விடறது, பிபி பாக்கறது வரைக்கும் சொல்லிக்குடுத்து அனுப்பறாங்க, மனசுன்னு வந்தா "அன்பா பேசணும், பொறுமையா இருக்கணும்"னு ரெண்டு வரியோட முடிஞ்சுடுது.

நாட்டுல 60 வயசுக்கு மேல இருக்கறவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா, அதாவது சுமார் 88 லட்சம் பேருன்னு வயசானவங்கள பத்தி நாடு முழுக்க எடுத்த லாசி சர்வேய வெச்சு கணக்கு போட்டிருக்காங்க. இத்தன பேருக்கும் ஸ்பெஷலிஸ்ட் கிடைக்கவே மாட்டாங்க, பக்கத்துல உக்காந்திருக்கற ஆளுக்கு விஷயம் தெரிஞ்சாதான் உண்டு.

போன வருஷம் நடந்தது ஒண்ணு சொல்றேன். எண்பது தாண்டின ஒரு பாட்டி. "ரெண்டு நாளா பாட்டி சமத்தா படுத்திருக்காங்க மேடம், தொந்தரவே இல்ல"ன்னு அட்டெண்டர் பொண்ணு நிம்மதியா சொல்லுச்சு. போய் பாத்தா கண்ணு சொருகி சொருகி முழிக்கறாங்க, பேச்ச பாதில விட்டுட்டு சுவத்த பாக்கறாங்க, பெட்ஷீட் நுனிய விரலால பிச்சுக்கிட்டே இருக்காங்க, காலைல மகன் பேர சொன்னவங்க சாயங்காலம் அவரையே யாருன்னு கேக்கறாங்க. ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனா யூரின் இன்ஃபெக்ஷன். உடம்புல ஏதோ கோளாறால திடீர்னு வர இந்தக் குழப்பத்துக்கு பேரு டெலிரியம்னு உங்களுக்கு தெரியும், கத்தி ரகள பண்ற டெலிரியத்த யாரும் விட மாட்டாங்க, இப்படி அமைதியா படுக்கவைக்கற டெலிரியத்ததான் எல்லாரும் விட்டுடறாங்க. அந்தப் பொண்ண நான் குத்தமே சொல்ல மாட்டேன், அதுக்கு யாரும் சொல்லித்தரல. குழப்பம் ரெண்டு மூணு நாள்ல திடீர்னு வந்துச்சா, ஒரே நாள்ல ஏறி எறங்குதா, பேசறத கவனிக்க முடியுதா, புதுசா ஏதாவது மாத்திரை ஆரம்பிச்சாங்களா, தண்ணி குடிக்கறாங்களா, மோஷன் போச்சா, இத கேக்க டிகிரி வேணாம். டிமென்ஷியா மாசக்கணக்கா வருஷக்கணக்கா மெதுவா ஏறும், டெலிரியம் திடீர்னு வரும், உடனே ஆஸ்பத்திரி போகணும், மனச்சோர்வுல "தெரியல, தெரியல"ன்னு பதில் வரும், ஆனா உக்காந்து பொறுமையா கேட்டா நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். மூணும் ஒருத்தருக்கே சேந்தும் வரலாம். முதல் பாடமே இதுவா இருக்கணும்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

அப்பறம் ஜிடிஎஸ். வயசானவங்களுக்கு மனச்சோர்வு இருக்கான்னு பாக்கற பதினஞ்சு கேள்வி பட்டியல், ஆமா இல்லன்னு பதில், மனச்சோர்வ காட்டற பதில் ஒவ்வொண்ணுக்கும் ஒரு மார்க், அஞ்சுக்கு மேல போனா மனச்சோர்வு இருக்கலாம்னு மேல பாக்கணும். கருவி நல்லதுதான், எப்படி கேக்கணும்னு யாரும் பழக்கி விடறதில்ல. ட்ரெய்னிங் முடிச்சுட்டு வந்த ஒரு பொண்ணு ஒரு ரிட்டையர்ட் தாத்தாகிட்ட கேக்கறத பக்கத்துலருந்து பாத்தேன், மருமகள் காபி டம்ளரோட அங்கயே நிக்கறாங்க, "உங்க வாழ்க்கை உங்களுக்கு திருப்தியா இருக்கா"ன்னு கேட்டா அந்த மனுஷன் வேற என்ன சொல்லுவாரு, "எனக்கென்னம்மா, ராஜா மாதிரி வெச்சிருக்காங்க"ன்னாரு. வெளிய போறதவிட வீட்லயே இருக்க பிடிக்குதான்னு கேட்டதுக்கு ஆமான்னாரு, அது முட்டி வலி, வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இன்னும் ரெண்டு கேள்விக்கு அவரு பதிலே சொல்லல, ஏன்னா காதுல விழல! காதுல குறும்பி எடுத்துட்டு, கதவ சாத்திட்டு, தனியா உக்காந்து மறுபடி கேட்டப்ப வந்த பதில் எல்லாமே வேற. ஆள எப்படி தனியா உக்கார வெக்கறது, வீட்டாள மனசு நோகாம எப்படி வெளிய அனுப்பறது, இதெல்லாம் எந்தக் கையேட்லயும் நான் பாக்கல.

தற்கொலை பத்தியும் தைரியமா சொல்லிக்குடுங்க. "சாமி எப்ப கூப்பிடுமோ"ன்னு பாதிப் பேரு தினமும் சொல்றாங்க, அதுல எது வெறும் பேச்சு, எது ஆபத்துன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாம எல்லாரும் "அப்படியெல்லாம் பேசக்கூடாது"ன்னு வாய அடைச்சுடறாங்க. செத்துப் போயிடலாம்னு தோணுதான்னு நேராவே கேக்கலாம், கேக்கறதால எண்ணம் புதுசா வந்துடாது. சாப்பாட்ட நிறுத்தறாங்களா, மாத்திரைய சேத்து வெக்கறாங்களா, நகைய எல்லாம் பிரிச்சு குடுக்கறாங்களான்னு கவனிக்கணும், அப்படி இருந்தா அன்னிக்கே யாருக்கு போன் பண்ணணும், யார் கூட இருக்கணும்ங்கற வரைக்கும் பாடத்துல இருக்கணும்.

எப்படி குடுக்கணும்னும் சொல்லிடறேன். பிடிஎஃப் அனுப்பாதீங்க, யாரும் தெறக்கறதில்ல. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துலருந்து வந்து இங்க வேல பாக்கறவங்களும் இருக்காங்க, இங்கயே பொறந்து கன்னடம் கலந்து தமிழ் பேசறவங்களும் இருக்காங்க, அவங்க பேசற பேச்சுலயே அஞ்சு நிமிஷ ஆடியோவா குடுங்க, பஸ்ல போறப்ப கேப்பாங்க. மாசம் ஒரு தடவ நேர்ல உக்கார வெச்சு, ஒருத்தர் பாட்டியா ஒருத்தர் அட்டெண்டரா பேசிப் பாக்க விடுங்க, பயிற்சி முடிஞ்சப்பறமும் சந்தேகம்னா கேக்க ஒரு ஆள் இருக்கணும், இல்லன்னா கத்துக்கிட்டது நிக்காது. கூடவே அவங்க மனசையும் யாராவது கேளுங்க. தூக்கமில்லாத நைட் டியூட்டி, திட்டு, சில வீடுகள்ல அடி, எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு காலைல வீட்டுக்கு போய் சமைக்கறவங்க அவங்க.

பாடத்த எழுதி முடிச்சுட்டு எங்களுக்கு அனுப்பறதவிட எழுதறப்பவே எங்கள கூப்பிடுங்க. முதல் ஆடியோ ரெடியானதும் பத்து அட்டெண்டருங்களுக்கு போட்டுக் காட்டுவோம், எங்க புரியலையோ அங்க மாத்துங்க. அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம்தான் ஒழியும், அல்சூர் பக்கம் எடமும் ஆளுங்களையும் நான் ஏற்பாடு பண்றேன், அவங்க வர பஸ் காசும் அரை நாள் கூலியும் மட்டும் உங்க பட்ஜெட்ல சேத்துடுங்க.